நான்காவது சாடி

ராமாஸ் சாடிக் கொட்டகையின் கதவில் புதுப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றிக் கறுப்பு உடையில் அமர்ந்திருந்த பெண்களின் தோள்களுக்கிடையே, ஜன்னல் வழியாக, நத்தேலா அதைப் பார்த்தாள். அவள் வாழ வந்த முப்பத்தெட்டு வருடத்தில் அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததில்லை. அவள் கணவன் தெங்கிஸ் இறந்து இது நான்காம் நாள். பிற்பகலில் அடக்கம். அப்பாவின் உடல் வீட்டில் கிடக்கும்போது மகனுக்குப் பூட்டு ஞாபகம் வந்திருக்கிறது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பூட்டிவிட்டு அவனும் அங்கேதான் வந்தான்.

“பூட்டு எதுக்குடா?”

“ஊரே வந்து போகுதும்மா.”

“வரட்டும். பந்திக்கு ஒயின் எடுக்கணும். நாலாவது சாடிய எப்ப தொறக்கப்போற?”

ராமாஸ் கை கழுவினான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை.

“குராம் மாமாகிட்ட சொல்லிட்டேன். அவர் வீட்டுலேருந்து குடுத்தனுப்புவார்.”

“ஒயின்காரன் சாவுக்கு அடுத்த வீட்டு ஒயினா? உங்கப்பா இத கேட்டா எழுந்து உக்காந்துருவார்.”

அவன் வெளியே போனான்.

தரைக்குள் கழுத்துவரை புதைந்த நான்கு மண்சாடிகள் அந்தக் கொட்டகையில் இருந்தன. ஒரு காலத்தில் கக்கேத்தி வட்டாரம் முழுவதும் இனிப்புச் சிவப்பு ஒயின் செய்து ரயில் ரயிலாக வடக்கு நாட்டுக்கு அனுப்பியது. அந்த எல்லை மூடியபோது பாதிப் பேர் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தர்பூசணி போட்டார்கள். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். தோலோடும் கொட்டையோடும் மண்சாடியில் கிடந்து, தேயிலைச் சாறு போல நிறம் ஏறி, துவர்த்து நாக்கைப் பிடிக்கும் ஒயின்தான் அவர்களுக்கு வேண்டுமாம். எதுவும் சேர்க்கக் கூடாதாம். மண்சாடியைப் பார்த்து, “அதுல ஊறுகா போடு” என்று சிரித்த குராம் இன்று பன்னிரண்டு சாடி வைத்திருக்கிறார். பக்கத்தில் விருந்தாளிகள் உட்கார பெஞ்சும் போட்டிருக்கிறார்.

தெங்கிஸின் மூன்று சாடிகளை வசந்தத்தில் பாட்டிலில் அடைத்தாயிற்று. நான்காவது இன்னும் களிமண் பூச்சு உடையாமல் இருந்தது.

பதினோரு மணிக்கு யோனஸ் வந்தான். டென்மார்க்கிலிருந்து வருடா வருடம் வந்து தெங்கிஸின் ஒயினை வாங்குகிறவன். கையில் வெள்ளைப் பூக்கள். நத்தேலா எண்ணினாள். பத்து. செத்தவருக்கு இரட்டைப்படையில்தான் கொண்டுவர வேண்டும் என்பதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது தானாகக் கவனித்திருக்கிறான். கவனிக்கிற ஆள்தான். பெட்டியருகே வெகுநேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு வாசலில் ராமாஸோடு தணிந்த குரலில் பேசினான். பேசும்போது ஒருமுறை கொட்டகைப் பக்கம் கை நீண்டது. ராமாஸ் அவசரமாகத் தலையாட்டினான்.

நான்காவது சாடியை விற்றுவிட்டான், என்று நத்தேலா நினைத்தாள். அப்பா மண்ணுக்குள் போகும்முன் பேசி முடித்துவிட்டான்.

ராமாஸின் கோட்டு முன்னறை ஆணியில் தொங்கியது. சாவி அதன் உள்பையில் இருந்தது.

கொட்டகைக்குள் குளிர்ச்சி. சாடிகளைத் திறப்பது எப்போதும் தெங்கிஸின் வேலை. அவள் மண்டியிட்டு, கரண்டிக் காம்பால் களிமண்ணைச் சுரண்டி, மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். சாடி நிறைய இருந்தது. நீண்ட கம்பில் கட்டிய சுரைக்குடுவையை இறக்கி மொண்டாள். நிறம் சரிதான். வாயில் ஊற்றிக் காத்திருந்தாள்.

நாக்கை எதுவும் பிடிக்கவில்லை. தண்ணீராக வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில், அடிப்பிடித்த பாகின் கசப்பு ஒன்று தங்கியது.

பின்னால் கதவு அசைந்தது.

“அதனாலதான் பூட்டினேன்,” என்றான் ராமாஸ்.

அவள் திரும்பவில்லை. “சொல்லு.”

“போன வருஷம் ஆலங்கட்டி. நீ அக்கா பிரசவத்துக்குத் திபிலிஸில இருந்த. மேட்டுத் தோட்டம் தப்பிச்சிருச்சுன்னு உன்கிட்ட சொன்னார். பத்துல ஒரு குலைதான் தப்பிச்சது. ஃபாக்டரி ஒயின் லாரியில வந்துச்சு. நெறத்துக்குச் சர்க்கரைய கருக்கி ஊத்தினார். நான்தான் கிண்டினேன்.”

“மத்த மூணு சாடி?”

“அதுவும்தான்,” என்றான், மூடியைப் பார்த்துக்கொண்டு.

“யோனஸுக்குத் தெரியுமா?”

“தெரியாது. இத எப்ப தொறப்பீங்கன்னுதான் இப்பவும் கேட்டான். போன வாரம் அப்பா, இத வாய்க்கால்ல ஊத்திடலாம்டான்னார். அப்புறம் ஊத்தவும் இல்ல.”

போன வாரம் முழுவதும் தெங்கிஸ் சாப்பாட்டு மேசையில் ஒன்றும் பேசவில்லை. நெஞ்சு வலி என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள்.

“குடத்தப் பிடி.”

“அம்மா, ஒரு வாயில கண்டுபிடிச்சிருவாங்க.”

“கண்டுபிடிக்கட்டும். குராம் வீட்டு ஒயின ஊத்தினா ஏன்னு கேப்பாங்க. சாவு வீட்டுல செத்தவரோட ஒயினையே ஊத்தினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“யோனஸ் கேப்பானே. அப்பா பேரு...”

“பிடிடா.”

அடக்கம் முடிந்து வந்தபோது முற்றத்துப் பந்தலின் கீழ் நீள மேசைகள் தயாராக இருந்தன. தேன் கலந்த கோதுமை, பீன்ஸ், மீன், காளான் சோறு. மேசையின் தலைப்பக்கத்தில் குராம் எழுந்து நின்றார்.

“தெங்கிஸ் பேச்சுல கஞ்சன். நாப்பது வருஷம் பக்கத்து வீடு, நாப்பது வார்த்தை பேசியிருப்பானா தெரியல. ஊத்தறதுல மட்டும் கை நடுங்காது. மண்ணுல ஒயின் வச்சான். அவனையும் அங்கேயே வச்சுட்டு வந்துட்டோம். கடவுள் அவன மன்னிக்கட்டும்.”

“மன்னிக்கட்டும்,” என்றார்கள்.

யாரும் கோப்பைகளை இடித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தட்டிலிருந்த ரொட்டியின் மேல், செத்தவருக்காக நாலு சொட்டு விட்டுவிட்டு, மீதியைக் குடித்தார்கள். குடத்தோடு நின்ற நத்தேலா தொண்டைகளைப் பார்த்தாள்.

குராம் ஒரே மூச்சில் குடித்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“தெங்கிஸ் கைப்பக்குவந்தான்.”

“ஆமா ஆமா,” என்றார்கள் நாலைந்து பேர், கொஞ்சம் சீக்கிரமாகவே. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பீன்ஸ் பாத்திரம் கைமாறியது. ஆலங்கட்டி இந்த ஊர் முழுக்கத்தான் விழுந்தது. குராமின் பன்னிரண்டு சாடிகளும் வசந்தத்தில் நிறைந்துதான் இருந்தன.

“இன்னொன்னு ஊத்து தங்கச்சி,” என்றார் குராம், கோப்பையைப் பார்த்தபடி.

அவள் ஊற்றிவிட்டு மேசையின் கடைசிக்கு வந்தாள்.

யோனஸ் இன்னும் முதல் கோப்பையை வைத்திருந்தான். கொஞ்சம் குறைந்திருந்தது. கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பார்த்தான். எதிரே ராமாஸ் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். யோனஸ் தலையை நிமிர்த்தி நத்தேலாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவன் தன் தட்டிலிருந்த ரொட்டியின் மேல் கோப்பையைச் சாய்த்தான். நாலு சொட்டு விழுந்தது. கை நிற்கவில்லை. மெல்ல, சிந்தாமல், கோப்பை காலியாகும்வரை ஊற்றினான். ரொட்டி ஊறி உப்பி நிறம் மாறியது.

“தெங்கிஸுக்கு,” என்றான், திக்கித்திக்கி, அவர்கள் மொழியில்.

நத்தேலா அந்தத் தட்டை எடுத்துப் பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். வேறு தட்டும் புது ரொட்டித் துண்டும் வைத்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து அவன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.