ஏழாவது பத்தியும் இருபத்துமூன்று ஜோடி பூட்ஸும்

கடைசி ஒத்திகையன்று வரைபடக் கூடத்தில் இருந்தவர்கள்: தரைப்படைக் கர்னல், கடற்படைக் கேப்டன், விமானப்படை விங் கமாண்டர், கூட்டு நெறிநூலைத் தட்டச்சு செய்தவள், தேநீர் கொண்டுவருபவர், இறந்துபோன சிப்பாய்கள் இருபத்துமூன்று பேர். வருகைப் பதிவேட்டில் கடைசி வகையினருக்குத் தனிப் பக்கம் உண்டு. அவர்கள் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

அவர்களில் பத்தொன்பது பேர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பாலத்தில் செத்தவர்கள். எதிரி கொல்லவில்லை. காலை ஆறு மணி வரை பாலத்திலும் அதற்கு அப்பாலும் எது அசைந்தாலும் விமானங்கள் அடிக்கலாம், ஆறு மணிக்குப் பிறகு தரைப்படை பாலத்தைத் தாண்டும் என்பது திட்டம். சாலை நன்றாக இருந்தது, தடுக்க ஆளில்லை, ஆகவே அவர்கள் இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே வந்து பாலத்தில் ஏறினார்கள். தரைப்படையின் நூலில் வேகம் என்பது நற்குணம். வானொலிக்காரர் உடனே செய்தி சொன்னார். அது பட்டாலியனுக்குப் போய், அங்கிருந்து கூட்டுத் தலைமையகம் இருந்த கப்பலுக்குப் போய், கப்பலிலிருந்து விமான தளத்துக்குப் போய், தளத்திலிருந்து விமானிகளின் காதுக்குப் போக இருபத்திரண்டு நிமிடம் ஆனது. விமானங்கள் பதினெட்டாவது நிமிடத்தில் வந்துவிட்டன. விசாரணையில் மூன்று படைகளும் தத்தம் நூலைக் கொண்டுவந்து காட்டின. மூன்று நூல்களின்படியும் யார்மேலும் தப்பில்லை. எனவே மூவருக்கும் பொதுவாக ஒரே நூல் எழுதும்படி உத்தரவானது.

எழுதிய பத்தியை நடந்து பார்ப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். தரை முழுக்கக் கான்வாஸ் வரைபடம் விரித்திருக்கும். அதிகாரிகள் காலுறையோடு அதன்மேல் நடந்து, தங்கள் படை எந்த நிமிடத்தில் என்ன செய்யும் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். விமானப்படைக்காரர் நாற்காலிமேல் ஏறி நிற்பார். முதல் ஒத்திகையன்று காலை பத்து மணிக்குப் பத்தொன்பது பேரும் பின்கதவு வழியாக உள்ளே வந்தார்கள். அப்போதிருந்த கர்னல் அவர்களின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்தார். வரைபடத்தில் பூட்ஸோடு ஏறக் கூடாது என்று சத்தம் போட்டார். கழற்றிப் பின்கதவோரம் வரிசையாக வைத்தார்கள், சிப்பாய்கள் அல்லவா. தேநீர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், செத்தவங்களுக்கும் சேர்த்தா, இல்ல நமக்கு மட்டுமா?" என்று கேட்டார். "குடிக்கிறவங்களுக்கு மட்டும் கொண்டுவாய்யா" என்றார் கர்னல். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறந்தவர்கள் வரைவில் எழுதியிருந்ததை அப்படியே செய்தார்கள், ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். பாலத்தில் அதே இடத்தில் விழுந்தார்கள். கேப்டன் 'பத்தி ஏழு, திருத்தம் தேவை' என்று குறித்துக்கொண்டார். அவர்கள் எழுந்து, தூசி தட்டி, மாலை ஐந்து மணி வரை சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பத்து மணிக்கு வந்தார்கள். இப்படிப் பதினோரு வருடம். கர்னல்கள் மூன்று பேர் மாறினார்கள், கேப்டன்கள் நான்கு பேர். அட்டையில் யார் சின்னம் மேலே வர வேண்டும் என்பதற்கே பதினாறு மாதம் சண்டை நடந்தது. ஏழாவது பத்தி முப்பத்தெட்டு முறை எழுதப்பட்டது. முப்பத்தெட்டு முறையும் அவர்கள் பாலத்தில் விழுந்தார்கள். பாலத்துக்கு அப்பால் கான்வாஸ் புதிதாக வெள்ளையாகவே கிடந்தது. அங்கே யார் காலும் பட்டதில்லை.

தட்டச்சு செய்தவள் அந்த வானொலிக்காரரின் மனைவி. கணவன் செத்ததற்காகக் கிடைத்த வேலை அது. அவர் தினமும் அவள் மேசைக்குப் பக்கத்து முக்காலியில் வந்து உட்காருவார். பேச மாட்டார், சாப்பிட மாட்டார். உயிரோடு இருந்தபோதும் வீட்டில் அப்படித்தான் என்று அவள் தேநீர்க்காரரிடம் ஒருமுறை சொன்னாள். ஒத்திகையில் அதிகாரிகள் எப்போதும் வரிசையில் முதலில் விழுபவரைத்தான் பார்த்தார்கள். வானொலிக்காரரைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். விழுவதற்கு முன் அவர் கை வானொலியின் திருகைத் திருப்பும், கடைசிக் குறியையும் தாண்டி, அந்தப் பெட்டியில் இல்லாத ஓர் அலைவரிசைக்கு. அவர் விமானிகளைத் தேடுகிறார் என்பது இரண்டாவது வருடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுத வேண்டிய வாக்கியமும் புரிந்தது. அவள் அதை எழுதவில்லை. பாலத்தைத் தாண்டிவிட்டால் அவருக்கு இந்தக் கூடத்தில் வேலை இல்லை. முக்காலி காலியாகிவிடும்.

ஆறாவது வருடம் வேறோர் ஆற்றங்கரையில் நான்கு பேர் இதே மாதிரி செத்தார்கள். மறு வாரம் அவர்களும் வந்து, பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சன்னலிலிருந்து கண் கூசுகிறது என்று காரணம் சொன்னாள்.

அப்பா சாகும்போது ஒன்பது வயதாக இருந்த மகள் வளர்ந்து, யார் தடுத்தும் கேட்காமல் படையில் சேர்ந்து, அதிலும் வானொலியே கேட்டு வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அம்மா, போஸ்டிங் வந்திருச்சு. முன்னால போற கம்பெனி."

"எந்தப் புத்தகத்த வெச்சுட்டுப் போறீங்க?"

"உன் புத்தகம்தான். வரைவு. ஏழாவது பத்தியில மட்டும் 'பின்னர் வரும்'னு இருக்கு. வந்தா சொல்லுன்னு பசங்க எல்லாம் என்னை ஓட்டுறாங்க."

"எப்ப கிளம்பணும்?"

"வெள்ளிக்கிழமை. ஏம்மா அந்தச் சட்டையையே நாலு தடவ மடிக்கிற?"

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் எழுதினாள்: 'விமானத்தோடு நேரடியாகப் பேசும் வானொலி, முன்னால் நடப்பவர்களிடம் இருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுப் பதில் சொல்லாமல் எந்த விமானியும் குண்டு போடக் கூடாது.' கர்னல் இரண்டு முறை படித்தார். "இத யாரு எழுதினது?" என்றார். "நான்தான் சார்." விங் கமாண்டருக்கு முகம் சிவந்தது. "எங்க பெட்டிய, எங்க ரகசியக் குறிய, தூக்கி இவங்க கையில குடுக்கவா? நாளைக்கு விமானத்தையே கேப்பாங்க." "குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டோம்" என்றார் கர்னல். கேப்டன் காலுறையோடு எழுந்து நின்றார். "முதல்ல நடந்து பாத்துருவோம். சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

நடந்தார்கள். இருபத்துமூன்று பேரும் பாலத்துக்கு வந்தார்கள். வானொலிக்காரரின் கை திருகைத் திருப்பியது. இந்த முறை அது ஒரு குறியில் வந்து நின்றது. அவர் உதடு அசைந்தது. சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலிமேல் நின்றிருந்த விங் கமாண்டர் மட்டும் தலையைச் சாய்த்து, "கேட்டாச்சு. போடல. தாண்டுங்க" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. அவர்கள் பாலத்தைத் தாண்டி, வெள்ளைக் கான்வாஸில் கால் வைத்து, அதன் விளிம்பு வரை நடந்துபோய் நின்றார்கள்.

மூவரும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். புதன்கிழமைக்குள் முன் கம்பெனிகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேரும்படி விங் கமாண்டர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். கர்னல் அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாவது வருஷம்."

அவர் சன்னலோரத்து நான்கு பேரின் காலி இடத்தைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணுபவர்போல உதட்டை அசைத்தார். பிறகு காலணியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒத்திகை முடிந்தால் பின்கதவைப் பூட்டுவது அவள் பொறுப்பு. சாவியோடு போய் நின்றாள். ஒவ்வொருவராகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்கள். அந்த நான்கு பேர் போகும்போது அவள் முதல்முறையாக அவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. அவர்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் திருப்பவில்லை. கடைசியில் வானொலிக்காரர் மட்டும் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எந்த நாளும் அவர்தான் கடைசி. கல்யாணத்தன்றுகூட அந்தக் கயிற்றால்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"போதும், அவிழாது" என்றாள். "உங்க பொண்ணு வெள்ளிக்கிழமை போறா. அவ கையில பெட்டி குடுத்துடுவாங்க."

அவர் நிமிர்ந்தார். தலையசைத்ததுபோல இருந்தது. வெளியே ஜெனரேட்டரும் நாலைந்து காலி பீப்பாய்களும் மட்டும் இருந்த முற்றத்தில் இறங்கினார். அவள் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பி, திறக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.