மீதியாக வந்த நோட்டு

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் ஜன்னலில், நோட்டு எண்ணுகிற மெஷின் கீச்சென்று கத்தியதும் காசாளர் பெண் நிமிர்ந்தாள். பணக்கட்டிலிருந்து ஓர் ஐந்நூறு நோட்டை உருவி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இது கள்ள நோட்டும்மா. வேற குடுங்க” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிறவள் அவள். மாடிப்படியில் சறுக்கித் தலையில் அடிபட்ட கணவன், ஸ்கேன் அறை வாசலில் சக்கரக் கட்டிலில் கிடந்தான். ரசீதைக் காட்டினால்தான் கட்டில் உள்ளே போகும். பக்கத்தில் நின்ற நாத்தனார் தன் பையைத் துழாவி வேறு நோட்டை நீட்டினாள். ரசீது வந்தது. கட்டிலும் உள்ளே போனது. ஜன்னல் இடுக்கு வழியாக அந்த ஐந்நூறு மட்டும் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இது நீங்க குடுத்ததுங்க. காலையில முன்பணம் ஆயிரம் கட்டினேன். ரத்த டெஸ்ட்டுக்குப் போக மீதி இதைத்தான் குடுத்தீங்க. நான் வீட்லேருந்து கொண்டு வந்தது பூரா நூறு நோட்டு.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க.”

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் கனிவு. “நோயாளிங்க இருக்கற இடம், கத்தாதீங்கம்மா. நோட்டைத்தான் திருப்பிக் குடுத்துட்டோமே. வெளியில எங்கயாவது கூட்டத்துல மாத்திக்கோங்க.”

நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க அண்ணி. பெட்ரோல் பங்க்ல தள்ளிடலாம். அவசரத்துல யாரும் பாக்க மாட்டாங்க.”

பங்க்கில் பெட்ரோல் அடிக்கிற பெண்ணை அவளுக்குத் தெரியும். தினமும் வேன் கண்ணாடியைக் கேட்காமலே துடைத்துவிடுகிறவள். கணக்கு உதைத்தால் அவள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். பங்க் வேண்டாமென்றால் பழக்கடை, அதுவும் வேண்டாமென்றால் ஆட்டோக்காரர். எங்கே தள்ளினாலும் கீழேதான் தள்ள வேண்டியிருக்கிறது. மேலே தள்ளினால் மெஷின் கத்துகிறது. எங்கோ ஓர் அறையில் எவனோ அடித்த நோட்டு இத்தனை பேரைத் தாண்டி வந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் யாராவது ஒருவர் இப்படித்தான் கனிவாகச் சொல்லியிருப்பார்கள்.

“நான் இதை எடுத்துட்டுப் போக மாட்டேன். போலீஸைக் கூப்பிடுங்க.”

கண்காணிப்பாளர் சிரித்தார். “வந்தா யாரைப் பிடிப்பாங்க? நோட்டு யார் கையில இருக்கு?”

“நாங்க பணம் கட்டுறப்ப உங்க மெஷின் கத்துது. நீங்க மீதி குடுக்கறப்ப ஏன் சார் வாயை மூடிக்குது? ஒரு தடவையாவது அதுல போட்டுக் குடுத்திருக்கீங்களா?”

காசாளர் பெண் குனிந்துகொண்டாள். போலீஸை யாரும் கூப்பிடவில்லை. வேன்காரியே போனை எடுத்துக் கூப்பிட்டாள். போலீஸ் தன்னையே கூட்டிக்கொண்டு போய், கணவன் வெளியே வரும்போது தான் இங்கே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தாள். ஆனாலும் நகரவில்லை.

ஏட்டு வந்ததும் நேரே அவளிடம்தான் வந்தார். “உனக்கு இது எங்கேருந்து வந்துச்சு? வீட்ல பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் ஏதாவது வச்சிருக்கியா?”

“வச்சிருந்தா இங்க ஏன் சார் வரிசையில நிக்கறேன்?”

அவர் முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க வேலையைப் பாருங்க. அப்புறமா உங்ககிட்ட கேட்டுக்கறேன்.”

“அவங்க மேடம், நான் நீயா?” அவள் ஜன்னலைக் கைகாட்டினாள். “புகார் குடுத்தது நான். கள்ள நோட்டைக் குடுத்துட்டு, ஊர்ல எவன் தலையிலயாவது கட்டுன்னு சொன்னது இவங்க. முதல்ல அதை எழுதுங்க.”

ஏட்டு நோட்டை ஓர் உறையில் போட்டு மூடினார். “சரி, சொல்லுங்கம்மா” என்று எழுத ஆரம்பித்தார். முடிந்ததும் சாட்சி யார் என்று கேட்டார்.

“நான் போடறேன்” என்றாள் நாத்தனார். அவள் முகமும் இப்போது சிவந்திருந்தது. “காலையில மீதி வாங்கினப்ப நானும் பக்கத்துல இருந்தேன்.”

“சொந்தக்காரங்க மட்டும் போதாதும்மா. மாத்திக்கச் சொன்னதைக் கேட்டவங்க வேற யாராவது?”

அவர் பேனாவை வரிசையை நோக்கி நீட்டினார். ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். வரிசை நகர்ந்தபோது ஏட்டின் கையில் இடிக்காமல் வளைந்து நகர்ந்தது.

ஜன்னலில் அப்போதுதான் மீதி வாங்கிய ஒரு மனிதர் மட்டும், கையில் மாவுக்கட்டுப் போட்ட மகளை இடுப்பில் சுமந்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். வாங்கிய நோட்டுகளை ஒருமுறை பார்த்தார். அவற்றைத் திரும்ப ஜன்னல் இடுக்கில் வைத்து, மோவாயால் மெஷினைக் காட்டினார்.

“நகருங்க சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் நகரவில்லை.