கட்டிலில் இருப்பவரின் மூச்சு

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கக் கீழ்வீட்டுக்குப் போனபோது கண்ணில் பட்டது. அங்கே ஓர் அக்காவும் தம்பியும் வீட்டிலிருந்தே வீடியோ கேம் செய்கிறார்கள். திரையில் பிழைப் பட்டியல் ஒன்று திறந்திருந்தது. ஏழாவது வரி: 'கட்டிலில் இறந்து கிடப்பவர் மூச்சு விடுகிறார். சரிசெய்யவும்.'

குடையோடே திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். (குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.)

2

'அது ஒரு கடுங்குளிர்காலம்.' எழுதி, அழித்துவிட்டேன். குளிர் அவர்களுடைய கேமுக்குள் மட்டும்தான். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

'மரணத்தை வென்ற மனிதன்' என்று தொடங்கினேன். இதுவும் வேண்டாம், வாய்க்குள் அடங்காத பேச்சு.

நடந்ததையே சொல்கிறேன். புகை, தூசி, மழை இவையெல்லாம் அக்காவின் வேலை. எதையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. கேம் எஞ்சின் என்ற மென்பொருளுக்குள் எல்லாம் ரெடிமேடாக இருக்கும். எடுத்து மாட்ட வேண்டியதுதான். முன்பு ஒவ்வொன்றாகக் கையால் மாட்டினாள். இப்போது ஏஐயிடம் எழுதிச் சொன்னால் போதும். "இந்தக் காட்சியில் இருக்கும் மனிதர்கள் எல்லாருக்கும் குளிர் மூச்சு போடு" என்று எழுதினாள். குளிரில் வாயிலிருந்து வரும் வெள்ளை ஆவிதான் அது.

ஏஐ சொன்ன சொல் தட்டாத பிள்ளை. நாற்பத்தொரு பேருக்கு மாட்டிவிட்டது. நாற்பது பேர் தெருவில் நின்றார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் உள்ளறைக் கட்டிலில், வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தார்.

3

'தம்பி கல்நெஞ்சக்காரன். அக்கா அழுதால்கூட அவன்'

நிறுத்திவிட்டேன், அது அநியாயம். கட்டிலில் இருப்பவரின் முகத்தை அவன் அப்பாவின் புகைப்படத்திலிருந்துதான் செய்திருந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் சொல்லவில்லை.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அன்று தம்பி பக்கத்தில் இருந்தான். அக்கா அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தாள். "அரை மணியில வந்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டு, ஒரு வெடிப்புக் காட்சியின் புகையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை, அவனும் வாய் திறக்கவில்லை.

4

"ஏழாவது இன்னும் அப்படியே இருக்கே?"

"எடுத்துடறேன்."

"காலையிலயும் இதத்தான் சொன்ன. ஒரு டிக்க எடுக்கறதுதானேக்கா. நாளைக்கு அனுப்பணும்."

"அப்ப நீயே எடு."

தம்பி மவுஸைப் பிடித்தான். ஆனால் எடுக்கவில்லை. கட்டிலுக்கு மேலே வெண்ணிற ஆவி வந்து கலைவதையும், மறுபடி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா மூச்சு இவ்ளோ சீரா இல்லக்கா."

(இந்த இடத்தில் அவனுக்குக் கண்ணீர் எழுதியிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவன் அழவில்லை.)

"எப்படி இருந்துச்சு?" என்றாள். ஒரு வருடமாகக் கேட்காத கேள்வி.

அவன் வாயால் சொல்லாமல், மூச்சுக்கு மூச்சு இடைவெளி என்ற கட்டத்தில் இரண்டு வினாடி என்று போட்டான். அடுத்த மூச்சுக்கு நான்கு. பிறகு ஏழு.

"நடுவுல ஒரு தடவ கண்ணத் தொறந்து, 'வந்துட்டாளா'ன்னாரு. 'வந்துட்டா, படிக்கட்டுல ஏறிட்டிருக்கா'ன்னு பொய் சொன்னேன்."

"அதுக்கு?"

"'மெதுவா வரட்டும்'னாரு."

5

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

டிக்கை எடுத்துவிடலாம். ஏழாவது பிழை தீரும், வேலை முடியும்.

அப்படியே விட்டுவிடலாம். அப்பா மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு இதில்தான் ஆசை. ஆனால் அவர் தெருவில் நிற்கும் அந்த நாற்பது பொம்மைகளில் ஒருவராகிவிடுவார்.

மூன்றாவது தம்பி செய்தது. வெள்ளைத் துணியை முகத்திலிருந்து மார்புவரை இறக்கினான். 'திரும்பத் திரும்ப' என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு, பன்னிரண்டு மூச்சு என்று எண் கொடுத்தான்.

"விளையாடறவங்க அறைக்குள்ள வந்தப்புறந்தான் ஆரம்பிக்கும். பன்னெண்டு முடிஞ்சா நின்னுடும்," என்றான். "இந்தத் தடவ நீ பக்கத்துல இருப்ப."

எல்லாம் தயார். ஓடவிடும் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அவர்கள் இருவருக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆகவே அதை உங்களிடம் விடுகிறேன்.

அழுத்தலாம், அழுத்தாமலும் இருக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார நாற்காலி எடுக்கப் போயிருக்கிறாள். அவள் வந்து உட்காரும்வரை பொறுங்கள்.