மல்லாபூர்க் கப்பலின் ஐந்து வால்வுகள்

மல்லாபூரில் சிமெண்டுத் தரையில் நின்றிருந்த பாய்ப்படகு ஒன்று, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமல் நான்கு பேரைக் கொன்றது. ஒருவரை மண்டையில் அடித்தது, மூன்று பேரை மூழ்கடித்தது. கடல் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாச்சாரம் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வெங்காயம் இன்றைக்கு என்ன விலை என்று சொல்கிற முகத்தோடுதான் சொல்வார்கள். அந்தப் படகுக்குள் பம்பும் பேட்டரியும் விளக்கும் ஓடும்படி பார்த்துக்கொண்டவள் கனகவல்லி. நல்ல மனுஷிதான். என்ன, வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும்.

படகைக் கட்டியவர் பக்தவத்சலம். பேகம்பேட்டில் வீடு, மல்லாபூரில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஷெட். பிள்ளை குட்டி கிடையாது. தொட்டி செய்து செய்து அலுத்துப்போன மனிதர், அதே ஃபைபரில் நாற்பதடி நீளத்துக்கு ஒரு படகை வார்த்துவிட்டார். உள்ளே இரண்டு படுக்கை, சமையல் மேடை, கக்கூஸ், டீசல் எஞ்சின், மேலே பாய்மரம், எல்லாம் உண்டு. காக்கிநாடாவுக்கு லாரியில் கொண்டுபோய்க் கடலில் இறக்குவதாகத் திட்டம். எல்லாம் முடிந்த பிறகுதான், அது சந்து முனையில் திரும்பாது என்று தெரிந்தது. முனையில் ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் மைசம்மா என்கிற அம்மன் கோயில். எதை இடிப்பது? இரண்டுமே ஷாக் அடிக்கும் என்றார்கள். மனிதர் அசரவில்லை. கடலில் மிதக்கிற படகை எப்படி வைத்திருப்பார்களோ அப்படியே இதையும் வைத்திருக்க வேண்டும், ஓட்டாத யந்திரம் செத்துப்போகும் என்று சொல்லி, கனகவல்லியையும் அவள் புருஷன் ஆரோக்கியசாமியையும் படகிலேயே குடிவைத்தார்.

ஆரோக்கியசாமி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த டீசல் மெக்கானிக். கனகவல்லி பாலாநகரில் விமானங்களுக்கு ஒயர் கட்டுகிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். சர்ச்சும் கோயிலுமாக இரண்டு வீடும் முட்டிக்கொண்டபோது, கல்யாணத்தன்றே அவள் அண்ணன்மார் மாப்பிள்ளையின் மூக்கை உடைத்தார்கள். அவள் ஓர் அண்ணனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டு, ரத்த வாயோடு போட்டோவுக்கு நின்றாள். அன்றையிலிருந்து அவளுக்கு அந்தக் கோணல் மூக்கைவிட்டால் உலகத்தில் வேறு சொந்தம் இல்லை. அவருக்கும் அப்படித்தான்.

படகு வேலை என்பது ஓயாத வேலை. காலையில் பேட்டரித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சற்று நேரம் உறும விட வேண்டும். பாய்மர உச்சியில் நங்கூர விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். படகின் அடிவயிற்றுக் குழியில் தேங்கும் தண்ணீரைப் பம்பு இறைக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். தரையில் நிற்கிற படகின் அடிவயிற்றில் தண்ணீர் எப்படித் தேங்கும் என்று கேட்கலாம். தேங்கியது. முதலில் யாரோ குடத்தைச் சாய்த்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. பம்பு அதைத் தெருச் சாக்கடையில் கொட்டியது. சாக்கடையில் நண்டு வந்தது. மைசம்மா கோயில் பக்கத்து வீடுகளில் ஞாயிறு தவறாமல் நண்டுக் குழம்பு மணந்தது. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

படகின் அடியில் ஐந்து ஓட்டைகள். எஞ்சினுக்கு நீர் எடுக்க ஒன்று, கக்கூசுக்கு இரண்டு, கழுவுகிற தண்ணீர் போக இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒன்றரை அங்குலப் பித்தளை வால்வு. கரையேற்றிய படகில் வால்வுகளைத் திறந்தே வைக்க வேண்டும், உள்ளே நின்ற நீர் வடிந்துவிடும் என்பது படகுக்காரர்கள் எல்லோரும் அறிந்த முறை. ஆரோக்கியசாமியும் அந்த முறைப்படி ஒருநாள் எஞ்சின் வால்வைக் குனிந்து திறந்தார். கடல் குத்துவிட்டதுபோல் மேலே பாய்ந்து அவருடைய முன்பற்கள் நான்கையும் பறித்துக்கொண்டு போனது. வெளியே குனிந்து பார்த்தால் அதே ஓட்டைக்குக் கீழே காய்ந்த சிமெண்டு. பிறகு அவர் கட்டுப் பல் போட்டுக்கொண்டார். ஐந்து வால்வுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் மூடியே கிடந்தால் பித்தளை இறுகிவிடும், ஆபத்துக்குத் திரும்பாது. அதனால் ஞாயிறு புருஷனோடு சர்ச்சுக்குப் போய்ப் பூசை முடிந்து வந்ததும் கனகவல்லி ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி, கடல் ஒரு துப்புத் துப்பியதும் மூடுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலுக்கு ஒரு வசவு கொடுப்பாள்.

பக்தவத்சலம் செத்தது ஒரு வைகாசி மதியம். காற்று என்ற பேச்சே இல்லை, ஷெட்டில் மின்விசிறிகூட நின்றிருந்தது. பாயின் அடியில் குறுக்கே கிடக்கிற நீளக் கட்டை, புயலில் திரும்புகிற வேகத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிப் போனது. வழியில் அவர் தலை இருந்தது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டதாக ஆரோக்கியசாமி சொன்னார். ரத்தம் தளத்தில் ஓடி வடிகால் குழாயில் இறங்கிப் போயிற்று. கனகவல்லி கட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதைக் காலால் எட்டி உதைத்தாள். தளத்தைக் கழுவி முடித்துத்தான் அழுதாள்.

ஷெட் பக்தவத்சலத்தின் அக்கா மகன் உமேஷுக்குப் போனது. உமேஷ் ஹுசேன் சாகர் ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டிக் கோப்பை வாங்கியவன், படகு சாஸ்திரம் தெரிந்தவன். அவனுக்கு வேண்டியது அடுக்குமாடி கட்ட இடம். படகைத் துண்டு போட்டுத் தூக்கி எறிய வேண்டும், உள்ளே இருக்கிற கிழடுகளையும் சேர்த்து. முதல் தடவை ஆள் அனுப்பினான். வந்தவன் ஆரோக்கியசாமியின் சட்டையைப் பிடித்ததும், கனகவல்லி பாய் இழுக்கும் வின்ச்சின் இரும்புக் கைப்பிடியை எடுத்து அவன் தாடையில் போட்டாள். தாடை தொங்கிவிட்டது. "போலீஸ் வந்துகிட்டே இருக்கு, ஓடு!" என்று கத்தினாள். போலீசாவது ஒன்றாவது, அவள் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் சந்து முனையில் ஆரோக்கியசாமியை மறித்து, வலது கை விரல்களை டிரான்ஸ்ஃபார்மர் மேடைமேல் வைத்துச் சுத்தியலால் நசுக்கினார்கள். சோற்றை அவள்தான் ஊட்டினாள்.

இரண்டாம் முறை கூட்டமாக வந்து பேட்டரிகளை உடைத்தார்கள். அமிலம் அவள் புடவையைத் தின்று தொடையைத் தின்றது. அவள் ஆபத்துக்குச் சுடுகிற வாணத் துப்பாக்கியை எடுத்து, ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவன் நெஞ்சில் சுட்டாள். அவன் சிவப்பாக எரிந்துகொண்டே தெருக்கோடி வரை ஓடினான். செத்துப்போகவில்லை, ஆனால் அதற்கப்புறம் அவனுக்குச் சட்டை போட முடியாமல் போயிற்று. "கேஸ் திறந்திருக்கு, எல்லாம் வெடிக்கப் போகுது!" என்று அவள் அலறவும் மற்றவர்கள் சிதறினார்கள். கேஸ் மூடித்தான் இருந்தது.

"போயிடலாம் கனகா. எங்கயாவது ஒரு ரூம் பார்த்துக்கலாம்" என்றார் ஆரோக்கியசாமி.

"நக்கோ. நான் எங்கயும் வரல."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்த மனிதரைக் கொன்றுவிடுவார்கள் என்கிற பயம்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை. புது பேட்டரிகளை இந்த முறை உயரத்தில், கூரையை ஒட்டிக் கட்டினாள்.

மூன்றாவது முறை உமேஷே வந்தான், பட்டப்பகலில், மூன்று பேரோடும் கேஸ் கட்டரோடும். வந்தவுடன் பேச்சே இல்லை. ஆரோக்கியசாமியின் முழங்கால் இரண்டையும் கம்பியால் உடைத்து, படகின் உள்ளறையில் படுக்கைமேல் வீசினார்கள். அவர் கத்தவில்லை, கட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கனகவல்லியை ஒருவன் மேல்தளத்தில் தலைமயிரைப் பிடித்து அழுத்திக்கொண்டான். உமேஷும் இரண்டு பேரும் உள்ளே இறங்கினார்கள். அடிவயிற்றுக் குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்தது. தண்ணீரில் நின்று கட்டர் பிடிக்க மாட்டேன் என்றான் ஒருவன். உமேஷ் பலகையைத் தூக்கிப் பார்த்தான், சிவப்பு வால்வுகளைப் பார்த்தான், சிரித்தான்.

"கரையில நிக்கிற போட்டுக்கு வால்வை எவனாவது மூடி வைப்பானா? அதான் தண்ணி நிக்குது. கைக்கு அக்கா, எதுக்கு மூடினீங்க? இத்தனை வருஷம் இங்க என்னதான் பண்ணீங்க?"

கனகவல்லி வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். "உமேஷ், வேணாம்பா. உன் கால்ல விழறேன். திறக்காத. கடல் வந்துடும். அவரால எழுந்திருக்க முடியாது. அவரை மட்டும் மேல தூக்கி விட்டுட்டு நீ என்ன வேணா செஞ்சுக்கோ."

"முதல்ல போலீஸ் வருதுன்னீங்க. அப்புறம் கேஸ் வெடிக்கும்னீங்க. இப்ப கடலா?" அவன் ஆட்களுக்குக் கண் காட்டினான். "அஞ்சையும் திறங்கடா. முழுசா."

இறுகியிருந்தால் திறந்திருக்காது. ஞாயிறுதோறும் அவள் திருப்பித் திருப்பி வைத்ததால் ஐந்தும் வெண்ணெய்போல் திரும்பின.

கடல் வந்தது. முதல் பாய்ச்சல் ஒருவனைத் தூக்கிக் கூரையில் அறைந்தது, கழுத்து மடங்கி அவன் தண்ணீருக்குள் போய்விட்டான். இரண்டாமவன் ஏணியைப் பிடித்தான். அலை பின்னாலிருந்து வந்து அவனை இழுத்துச் சமையல் மேடையின் முனையில் மோதியது, மறுபடி மோதியது, ஆத்திரம் தீரும்வரை மோதியது. உமேஷ் நன்றாக நீந்துவான். மேல்கதவை எட்டித் தலையை வெளியே நீட்டினான், கனகவல்லியின் முகத்துக்கு நேரே. அதற்குள் தண்ணீரின் வேகத்தில் கதவு அவன் கழுத்தில் அறைந்து மூடிக்கொண்டது, அவன் உள்ளே போய்விட்டான். அவள் மயிரைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டு ஓடிய ஓட்டம் மவுலாலி போய்த்தான் நின்றது. பிற்பாடு ஊருக்குச் சாட்சி சொன்னவன் அவன்தான்.

வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். பச்சைத் தண்ணீர், பாத்திரங்கள், ஒரு செருப்பு, பெயர் தெரியாத மீன்கள். படுக்கைமேல் ஆரோக்கியசாமியின் கண்கள் திறந்திருந்தன, அவளைத்தான் பார்த்தன. வின்ச் கைப்பிடியால் கண்ணாடியை அடித்து நொறுக்கி, பீறிட்ட தண்ணீருக்கு எதிராகத் தலையை நுழைத்தாள். விளிம்புக் கண்ணாடி தோளைக் கிழித்தது. மூச்சைப் பிடித்து மூழ்கி, கண் தெரியாமல் கையால் தடவித் தடவி ஒவ்வொரு வால்வாக மூடினாள். உயரத்தில் கட்டிய பேட்டரி காப்பாற்றியது, பம்பு ஓடத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் உள்ளறை வடிந்தது. மூன்று பிணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. படுக்கை காலியாக இருந்தது.

பிணங்களை அறுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கடற்பாசி என்று சொன்னார். தொட்டிக் கம்பெனி, தொட்டியில் விழுந்திருப்பார்கள் என்று வழக்கு முடிந்தது. நான்காவது ஆள், அவள் புருஷன், எங்கே என்று கேட்டதற்கு, கடலுக்குப் போயிருக்கிறார் என்றாள் கனகவல்லி. எழுதிக்கொண்டார்கள். உமேஷ் வீட்டார் அந்தச் சந்துப் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பழைய இரும்புக்காரன் ஒருவன் படகு விலைக்கு வருமா என்று கேட்டு இரண்டு பல்லை இழந்தான். ஆனால் வேலை நிற்கவில்லை. எஞ்சின் நாள் தவறாமல் உறுமியது. நங்கூர விளக்கைப் பகலிலும் அணைக்கவில்லை. விளக்கு அணைந்தால் அந்த மனிதருக்கு வழி தெரியாது என்பது அவள் கணக்கு. மழைக்காலம் போய், பனிக்காலம் போய், மறுபடியும் மாங்காய் வந்தது. ஒரு ஞாயிறு, எஞ்சின் வால்வைக் கால் சுற்றுத் திருப்பியபோது கடல் எதையோ துப்பியது. எடுத்துப் பார்த்தாள். ஆரோக்கியசாமியின் கட்டுப் பல்.

அதை முந்தானையில் துடைத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு கடலைப் பார்த்து, அதாவது பித்தளைக் குழாயைப் பார்த்து, "பல்லைக் குடுக்கத் தெரியுதில்ல? ஆளைக் குடு" என்றாள். ஐந்து வால்வையும் முழுதாகத் திறந்தாள். மேல்கதவு சாத்தாதபடி கயிறு போட்டாள். வின்ச் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் இந்த முறை பாயவில்லை, மெல்ல ஏறியது. முழங்கால், இடுப்பு, மார்பு. அவள் எழுந்திருக்கவில்லை. வராவிட்டால் அதோடு போய்ச் சேர்வது என்று முடிவு செய்திருந்தாள்.

தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டபோது ஆரோக்கியசாமி எழுந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது, முழங்கால்கள் கோணலாகக் கூடியிருந்தன, நசுங்கிய விரல்களில் சிப்பி ஒட்டியிருந்தது. ஒன்றரை அங்குலக் குழாய் வழியாக ஓர் ஆள் எப்படி வர முடியும் என்று மல்லாபூரில் யாரும் கேட்கவில்லை. போனதும் அந்த வழியாகத்தானே.

கனகவல்லி அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"காத்தே இல்ல, கனகா. அதான் வர இவ்வளவு நாளாச்சு" என்றார் அவர், பல் இல்லாத வாயோடு.

அவள் உள்ளங்கையைத் திறந்து பல்லை நீட்டினாள். "வால்வை மூடிட்டு வந்து உட்காருங்க. தண்ணி ஏறுது."

அவர் மூச்சைப் பிடித்து மூழ்கி ஐந்தையும் மூடினார்.