பதினாலாம் வீட்டின் படிவம்

டெய்லரக்காவுக்குக் கோபம் வந்தால் தையல் மெஷின் சத்தமே மாறிவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஐந்து மாதமாக அந்தச் சத்தம் மாறியேதான் கிடந்தது. எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை.

வாதம் வந்து படுத்த படுக்கையாகிப்போன அவள் கணவனைப் பார்க்க வாரம் இரண்டு முறை அரசாங்க நர்ஸ் வருவாள். புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டி, டியூப் மாற்றிவிட்டுப் போவாள். அதற்குத்தான் வேட்டு வைத்தது கடிதம். திட்டத்தை மதிப்பாய்வு செய்தார்களாம். நர்ஸ் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வோம் என்று இந்தப் பகுதி மக்களே சொல்லிவிட்டார்களாம். ஆகவே வருகை நிறுத்தம்.

"எவன் சொன்னான்? எங்கிட்ட யாரு வந்து கேட்டா?" என்று அன்றைக்குக் கத்தியவள்தான், இன்னும் அடங்கவில்லை. முறையீடு செய்யலாம். ஆனால் மதிப்பாய்வு அறிக்கையில் எது தப்பு என்று காட்டி எழுத வேண்டும். அறிக்கையைக் கண்ணாலேயே பார்க்காமல் என்னத்தைக் காட்டுவது? கெடு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புண்ணோ உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது.

அவள் தம்பி அதே நலத்துறை அலுவலகத்தில் குமாஸ்தா. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அறிக்கையைக் காட்டச் சொல்லி மனு எழுதி அவனிடம் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. இன்னொன்று கொடுத்தாள். அதற்கும் அதே கதி.

"அது ரகசிய ஃபைலுக்கா. வெளி ஆளுங்களுக்குக் காட்டமாட்டாங்க. நான்தான் உள்ள பேசிக்கிட்டிருக்கேன்ல?" என்பான். கூடப் பிறந்தவன் சொல்கிறான், வேறு யாரை நம்புவாள்?

புதன்கிழமை பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர்தான் போட்டு உடைத்தாள். "ரகசியமா? நல்லா காதுல பூ சுத்தியிருக்காங்க. பதிவறையில போய்க் கேட்டா யாருக்கும் காட்டணும். சட்டமே இருக்கு."

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கணவனுக்குத் துணை வைத்துவிட்டு டெய்லரக்கா கிளம்பினாள். பதிவறை, தம்பி வேலை பார்க்கும் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்த பதிவறை அம்மா பெரிய நோட்டைப் புரட்டினாள்.

"முன்னாடியே ரெண்டு மனு குடுத்தீங்களா? உங்க பேர்ல ஒண்ணுமே பதிவாகலையே."

மறந்திருப்பான், வேலை ஜாஸ்தி, பாவம் என்றுதான் அப்போதும் அவளுக்குத் தோன்றியது. அப்பேர்ப்பட்ட பாசம்!

அறிக்கை வந்தது. ஒரு மணி நேரம் பார்க்கலாம், பேனா எடுக்கக் கூடாது, பென்சில் மட்டும். முன்பக்கமெல்லாம் ஒரே புகழாரம். கடைசியில், வீடு வீடாகக் கேட்டு நிரப்பியதாகச் சொன்ன அவள் தெருப் படிவங்களின் நகல்கள் இருந்தன. பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும். ஏழாவது கேள்வி: நர்ஸ் வராவிட்டால் சமாளிக்க முடியுமா? ஆம் என்ற கட்டத்தில் டிக்.

டிக்கின் வாலில் சின்னதாய் ஒரு குறுக்குக் கோடு.

அவள் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். துணியில் சாக்பீஸால் டிக் போட்டால் மடிப்புக் கோட்டோடு கலந்துவிடும். அதற்காக வாலில் ஒரு வெட்டுக் கொடுப்பது இருபது வருஷமாக அவளுக்குக் கைப்பழக்கம். புரட்டப் புரட்ட அதே டிக். பதினாலாம் நம்பர் வீட்டிலும் அதே. அது அவள் வீடு.

கடிதம் வருவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தம்பி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து வெட்டுமேஜையில் உட்கார்ந்தான். ஒன்றின்மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கி, ஓரத்துக் கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி பரப்பினான். "ஆபீஸ் வருகைப் பதிவுக்கா. கை வலிக்குது, நீ டிக் போட்டுக் குடேன்." இவளும் மடமடவென்று போட்டுத் தள்ளினாள். "அக்கா கை மெஷினேதான்!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு உச்சி குளிர்ந்து டீ வேறு போட்டுக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

மாடியேறிப் போய் அவனை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"வீடு வீடாப் போய்க் கேக்க ரெண்டே நாள்தான் டைம் குடுத்தாங்கக்கா. எரநூறு வீடு. ஒருத்தனால எப்படிப் போக முடியும்?"

"எரநூறு வீட்டுக்குப் போக முடியல, சரி. என் வீட்டுலதானேடா உக்காந்திருந்த? உன் மாமா அடுத்த ரூம்ல படுத்திருந்தாரு. இருமற சத்தம் கூட உனக்குக் கேட்டுது. எட்டிப் பாத்து ஒரு வார்த்தை கேட்டியாடா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எழுதிக் கிழுதி குடுத்துடாதக்கா. என் வேலை போயிடும். அதோட... டிக் போட்டது யார் கை? உன்னையும்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க."

தன் அக்காவிடமே சொல்கிறான்! அவனுக்கு முதன்முதலில் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கை அது. நம்பவைத்துக் கழுத்தறுத்ததும் போதாதென்று, கத்தியில் அவள் விரலையும் பதியவைத்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே "அக்கா, அக்கா" என்று கேட்டது. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவானே, அதே குரல். அவள் திரும்பவில்லை.

பதிவறை மூட இருபது நிமிஷம் இருந்தது. முறையீட்டுப் படிவம் வாங்கினாள். அறிக்கையில் என்ன தவறு என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்: எங்கள் தெருவில் யாரும் வந்து கேட்கவில்லை. ஏழாவது கேள்வியில் உள்ள டிக் எல்லாம் நான் போட்டது. என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னவன் என் தம்பி.

பதிவறை அம்மா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா? இதை இனிமே யார் வந்து கேட்டாலும் காட்டணும்மா."

"காட்டுங்க."

மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அடியில் ஒரு கட்டம் இருந்தது. டெய்லரக்கா அதில் டிக் போட்டு, வாலில் ஒரு குறுக்குக் கோடு இழுத்துக் கொடுத்தாள்.