எழுபத்தைந்து கிரெய்ன் மருந்து

லாமார் ஹோஸ்டெட்டர் மூன்று மாதமாகத் துப்பாக்கியோடு கொல்லைப்புறத்தில் இலக்குக் காகிதத்தை வேட்டையாடிக்கொண்டிருந்தான். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஒரு கோதுமை மணி எடை; எழுபது கிரெய்ன் வெடிமருந்துக்குக் குண்டு தாழ்ந்து போனது. எண்பதுக்குத் தோளைப் பெயர்த்துவிட்டு எங்கேயோ போனது. எழுபத்தைந்துக்குத்தான் ஐந்து குண்டும் ஒரு காப்பிக் கோப்பையளவு இடத்துக்குள் அடங்கின. இதை நோட்டில் எழுதியதோடு நில்லாமல் தேவாலயத்தில், பல் டாக்டரிடம், ஒரு துக்க வீட்டில்கூட விளக்கினான். பதினோரு வருஷமாக ஒரு மான்கூட விழாதவனுக்கு விஞ்ஞானமே துணை.

கிறிஸ்துமஸ் முடிந்தால் பென்சில்வேனியா மலைகளில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழங்காலத் துப்பாக்கிக்காரர்கள் வேட்டையாடும் முறை. அவர்கள் தங்கும் குடிலுக்கு ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்கத் தொங்கலை, கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பார்கள். லாமாரின் வால்கள் நான்கு ஏற்கெனவே அங்கே தொங்கின. இந்த முறை அவன் போட்டிருந்ததோ, மணிக்கட்டு முறிந்து ஆறியபின் மனைவி ஆர்லீன் முதன்முதலாகத் தைத்த சிவப்புச் சட்டை.

"மானெல்லாம் நான் கேக்கல. சட்டைய முழுசாக் கொண்டு வாங்க, போதும்," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

குடில் வாசலில் துப்பாக்கியைக் கெட்டிக்கும்போது ஆர்லீனின் தம்பி டெல்பர்ட் வாயைக் கொடுத்தான்.

"ஏன் மச்சான், உருண்டைக் குண்டு எதுக்கு? கூம்புக் குண்டு போட்டா மான் அங்கயே படுத்துடும்ல?"

"என் குழலுக்குள்ள ஓடுற முறுக்கு வரிக்கு உருண்டைதான்டா சரி. எத்தன தடவ சொல்றது?"

இன்னொரு தடவை, கால் மணி நேரம் சொன்னான். சொல்லிக்கொண்டே குண்டை எண்ணெய்த் துணியில் வைத்துக் கோலால் அடிவரை திணித்தான்.

ஒன்பது மணிக்கு மான் வந்தது. நாற்பது தப்படியில், போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது. லாமார் விசையை இழுத்தான். கல் பொறி கக்கியது, பற்றவைக்கும் கிண்ணியிலிருந்த பொடி புஸ்ஸென்று எரிந்தது, அவ்வளவுதான். மான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது. ஓடக்கூட இல்லை.

குண்டுக்கு முன்னால் குழலில் கொட்டியிருக்க வேண்டிய எழுபத்தைந்து கிரெய்னும் இடுப்பில் தொங்கிய மருந்துக் கொம்பிலேயே பத்திரமாக இருந்தன. குழலில் வெறும் குண்டு.

குழலின் பக்கத் துளை வழியே சிட்டிகை சிட்டிகையாக மருந்தை ஊட்டி, குண்டை மண்மேட்டில் சுட்டு வெளியேற்றினான். அந்தச் சத்தம் குடில்வரை கேட்டுவிட்டது.

"மான் எங்க மச்சான்?" டெல்பர்ட்டின் கையில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது.

தவறவிட்டேன் என்றால் சட்டை போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். லாமார் ஆர்லீனின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டான்.

"மருந்து போட மறந்துட்டேன்."

குடிலே சிரித்தது. "யாரு, நீயா? அர கிரெய்ன் கூடினா ராத்திரி தூங்காத ஆளு. சட்டையக் காப்பாத்த வேற பொய் சொல்லு," என்றான் டெல்பர்ட்.

"சத்தியமாடா."

"திரும்பி நில்லு."

வீட்டில் ஆர்லீன் வால் போன சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். லாமார் நடந்ததைச் சொன்னான். "ஒருத்தனும் நம்பல ஆர்லீன்."

"இதுல நம்பாம இருக்க என்ன இருக்கு? கல்யாணத்தன்னைக்கு என்னைய சர்ச் வாசல்லயே விட்டுட்டுக் கார எடுத்துட்டுப் போனவர்தான நீங்க." சிரித்தவள் போனை எடுத்தாள். "இருங்க, டெல்பர்ட்கிட்ட நான் சொல்றேன். எனக்கு அந்தத் துணி திரும்பி வரணும்."

லாமார் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான், முறிந்து ஆறிய கை என்பதால் மெதுவாக.

"வேணாம்மா, சட்டதான போச்சு. நீ சொன்னா நம்பிடுவான்."