கதிர் தின்ற செயின் வண்டி

இரண்டாயிரமாவது ஆண்டு தை மாதம் மூன்றாம் தேதி, வடக்குப்பட்டில் நின்றுபோன அண்ணாதுரையின் செயின் வண்டியின் டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தியபோது, டீசல் வரவில்லை, நெற்பால் வந்தது. மார்கழிக் கதிரை நகத்தால் கிள்ளினால் கசியுமே, அதே வெள்ளை, அதே பச்சை வாசனை. வந்திருந்த மெக்கானிக் அதைப் பழந்துணியில் துடைத்துவிட்டு டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார். டேங்கைக் காலிசெய்து புது டீசல் ஊற்றினார்கள். டேங்குக்குள் போனது டீசல்தான், நாசில் முனையில் வந்தது பால்தான். இரண்டாவதாக வந்தவர் ஃபீட் பம்ப் என்றார். மூன்றாமவர் பம்பை மொத்தமாகக் கழற்றிச் சென்னைக்கு எடுத்துப்போய்ச் சோதித்து, குற்றமில்லை என்று கொண்டுவந்து மாட்டினார். நாலாமவர் ரிங் தேய்ந்துவிட்டது, வண்டிக்கு வயசாகிவிட்டது என்றார். வயசானது உண்மை. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஊர்ந்து, முன்னாலிருக்கும் பிளேடால் மண்ணைத் தள்ளும் அந்த வண்டி, அண்ணாதுரையைவிட ஒரு வருஷம் மூத்தது. ஆனால் வயசானதெல்லாம் பாலா சுரக்கிறது?

வண்டிக்கு என்ன கோளாறு என்று முதல் நாளே தெரிந்தவள் ஒருத்திதான். அவள் இந்திராணி, வந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தவள். வண்டி நின்ற ஒன்றரை ஏக்கர் அவளுக்கும் அவள் புருஷன் மண்ணாங்கட்டிக்கும் சொந்தமாக இருந்தது. கம்பெனி வருகிறதென்று நிலத்தை எடுத்தார்கள், சரி, ஊரோடு ஒத்தது என்று கையெழுத்துப் போட்டார்கள். அறுப்பு முடியும்வரை மண்ணில் கை வைக்க மாட்டோம் என்பது பேச்சு. மண் வேலை எடுத்த அண்ணாதுரை, சித்திரை ஒன்றாம் தேதிக்குள் இடத்தைச் சமன்செய்து ஒப்படைக்காவிட்டால் வேலையே கைவிட்டுப் போகும் என்பதால், மார்கழி பன்னிரண்டாம் தேதி காலையில், கதிர் பால் பிடித்து நின்ற வயலில் வண்டியை இறக்கினான். புது மண்ணில் ஏறுமுன் இரண்டு செயினுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எந்த டிரைவரும் கியர் போட மாட்டான். அன்றைக்குப் பழம் வாங்கப் போனவன் வரவில்லை. டிரைவர் இறங்கி நின்றுகொண்டான். அண்ணாதுரை குனிந்து, வரப்போரம் இருந்த பச்சைக் கதிரை இரண்டு பிடி உருவிச் செயினுக்கடியில் திணித்தான்.

"இதுவும் காய்தான்யா, ஏத்து" என்றான்.

இதை இந்திராணி வரப்பில் நின்று பார்த்தாள். மண்ணாங்கட்டியும் பார்த்தார். அவர் கத்தவில்லை, குறுக்கே விழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், அதன்பிறகு பேசவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த வாரம் அண்ணாதுரை, பாவம் என்று, சைட்டில் டீ தண்ணி கொடுக்கும் வேலைக்கு இந்திராணியைச் சேர்த்துக்கொண்டான். அது அவன் காட்டிய தயவு. இந்திராணி அந்தத் தயவைத் தினமும் டம்ளரில் ஊற்றி அவனிடமே நீட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வண்டி அந்த வயலிலேயே சாக வேண்டும், அதை அவள் புருஷன் கண்ணால் பார்க்க வேண்டும். பயிர் முழுவதையும் முதல் நாளே நசுக்கிவிட்டு, ஊர் வயலையெல்லாம் மட்டமாக்கப் போய்த் திரும்பி வந்த வண்டி, இந்த ஒன்றரை ஏக்கரில் கால்வாசி போவதற்குள் நின்றபோது, அவள் வயிறு முதல்முறையாகக் குளிர்ந்தது.

ஐந்தாவதாக வந்தவன் இசக்கி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், மண்ணூரில் வாடகை அறையில் இன்னும் நாலு பேரோடு இருந்தான். அவனுடைய அப்பாவின் பருத்திக் காடு ஏதோ ஒரு ரோட்டுக்கு அடியில் கிடந்தது. அவன் வந்ததும் எதையும் கழற்றவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு செல்ஃப் போட்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னான். பிறகு பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்த்தான். நாலும் உயிரோடுதான் இருந்தன, நாலிலும் பாலடித்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தவன், டாக்டர் கேட்பது போல அண்ணாதுரையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணாச்சி, இந்த மண்ணுல ஏறும்போது வண்டிக்கு மொதல்ல என்னத்தத் திங்கக் குடுத்திய?"

அண்ணாதுரைக்கு ஞாபகம் வர வெகுநேரம் பிடித்தது. வந்ததும் முகம் சுண்டிப்போனது. இசக்கி விளக்கிச் சொன்னான்: முற்றாத கதிரை வண்டி தின்றிருக்கிறது, அது வயிற்றில் பாலாகவே கிடக்கிறது, அதே வயலில் விளைந்து முற்றிய நெல்லை இரண்டு பிடி செயினுக்கடியில் வைத்து ஏற்றினால் பால் அடங்கும், வேறு வயல் நெல் செல்லாது. அந்த வயலில்தான் இனி ஒரு மணியும் விளையப்போவதில்லையே. போன வருஷத்து விதைநெல் ஒரு பானை மட்டும் இந்திராணி வீட்டில் இருந்தது.

பங்குனி பிறந்து பத்தாம் நாள் அண்ணாதுரை அவள் வாசலில் வந்து நின்றான். அதுவரை ஏய் டீ என்று கூப்பிட்டவன், அன்றைக்கு அம்மா என்றான். இந்திராணி மறுக்கவில்லை. புழுங்கல் வாசம் அவனுக்கு எட்டாதபடி இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். விதைநெல்லில் பாதியைப் பரணில் ஏற்றினாள். மீதியை ஊறவைத்து, அடுப்பில் ஏற்றி, உமி வாய் பிளக்குமுன் இறக்கி, நிழலிலேயே உலர்த்தி எடுத்தாள். விதைநெல்லை அவிப்பது அவள் பிறந்த குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். ஆனாலும் இன்னொரு சுள்ளியைத் தள்ளினாள். அவிந்த வாசம் வீடு முழுக்க ஏறியபோது மண்ணாங்கட்டி சுவர்ப்பக்கமிருந்து திரும்பிப் படுத்தார்.

அண்ணாதுரை நெல்லை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பயிர்வைத்த வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் கையிலிருப்பது பச்சையா புழுங்கலா என்று பார்க்கத் தோன்றவில்லை. இசக்கிக்குத் தோன்றியது. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தான். உள்ளே அரிசி அவிந்து கண்ணாடியாக இருந்தது. டீ கேனோடு நின்ற இந்திராணியை ஒருமுறை பார்த்துவிட்டுத் துப்பினான்.

"நல்ல முத்துன நெல்லு அண்ணாச்சி. வைங்க" என்றான்.

வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. புகைபோக்கியில் வந்தது புகையல்ல, நெல் அவிக்கும் ஆவி. அந்த வாசத்துக்குப் பக்கத்து லேபர் ஷெட்டில் சமையலுக்கு முன்பே தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். வண்டி பிளேடு நிறைய மண்ணைக் குவித்துக்கொண்டு சரியாக வயலின் நடுவுக்கு வந்து நின்றது. திறந்து பார்த்தால், பிஸ்டன் நாலும் வெந்து ஊதிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன, அடிப்பிடித்த சோறு மாதிரி. புழுங்கின நெல் முளைக்காது, அந்த எஞ்சினும் அதற்குமேல் முளைக்கவில்லை. தூக்க வந்த இரண்டு கிரேன்களில் ஒன்று இரும்புக் கயிறு அறுந்து திரும்பிப் போனது, மற்றது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு தடுமாறியது. மண் பிடித்துக்கொண்டதை எப்படித் தூக்குவது? சித்திரை ஒன்றாம் தேதி வந்தது, வேலை வேறு ஆளுக்குப் போனது. அன்று காலை இந்திராணி புருஷனைக் கைத்தாங்கலாக வரப்பிருந்த இடத்துக்கு அழைத்து வந்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நின்னுடுச்சா?" என்றார். நூற்றுச் சொச்சம் நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"நின்னுக்கினு கீது பாரு. இனிமே போவாது."

கஞ்சி இருக்கா என்று கேட்டார். இருந்தது.

கம்பெனி, வண்டியை உள்ளே விட்டே மதில் எழுப்பியது. ஷெட்டுகளும் புல்தரையும் வந்தன, கம்பெனி பஸ்கள் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆள் கொண்டுவந்து கொட்டின. வண்டியைப் பற்றி விசிட்டர் கேட்டால் பழைய மெஷின், அழகுக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். இசக்கி அங்கேயே மெயின்டனன்ஸில் சேர்ந்தான், இந்திராணி ஹவுஸ்கீப்பிங்கில் நீலச் சேலை கட்டினாள். 2002 ஆவணியில் அவள் பரணிலிருந்த பாதி விதைநெல்லை எடுத்துப்போய், பிளேடின் முன்னால் குவிந்தபடியே கிடந்த தன் வயல் மண்ணில் தெளித்தாள். இரண்டு கட்டில் அகலம்கூட இல்லாத மண். தையில் அறுத்தபோது ஒன்றரை ஏக்கருக்கான நெல் முழுசாகக் கிடைத்தது. செக்யூரிட்டி முதல் வருஷம் கொஞ்சம் யோசித்தார். மறுவருஷத்திலிருந்து கேட் பாஸ் தயாராக இருந்தது: நெல், முப்பத்தாறு மூட்டை, திருப்பித் தர வேண்டியதில்லை.

மூட்டைகளை லாரியில் ஏற்றுகிற லோடிங் ஆட்களில் அண்ணாதுரையும் ஒருவன். மண் வேலை போனபிறகு அவனுக்கு வேறு வேலை எதுவும் ஒட்டவில்லை. 2005 தையில் கடைசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே அவள் எதிரில் நின்றான்.

"அன்னிக்கி நீ குடுத்தது பச்சையா, புழுங்குனதாம்மா?"

"நீதான் பயிரு வெச்ச வூட்டுப் புள்ளயாச்சே. ஒன்ன கடிச்சிப் பாத்திருக்கலாமில்ல" என்றாள் இந்திராணி.

அவன் மூட்டையை ஏற்றிவிட்டு வந்தான். அவள் வழக்கம்போல அவனுக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள். கேட்டில் பாஸை வாங்கி முத்திரை குத்தி லாரியை விட்டார்கள்.